ஆயிரம் சிப்பியின் விலை

மன்னார்க் கடைத்தெருவில் மஹ்மூது முதலாளியின் கருவாட்டுக் கடை வாசலில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. கொழும்பில் அன்றைக்குக் கருவாடு ஓர் அந்தர், அதாவது நூற்றுப்பன்னிரண்டு இறாத்தல், என்ன விலை போகிறது என்று அதில் வெண்கட்டியால் எழுதியிருக்கும். கருவாடு விற்க வருகிற சனத்துக்குக் கொழும்பு விலையைக் காட்டிவிட்டு, பிறகு அந்தச் சனத்திடமே பேரம் பேசுகிற கடை இலங்கை முழுவதிலும் இது ஒன்றாகத்தான் இருக்கும். முதலாளி எத்தனையோ தடவை பலகையைக் கழற்றி எறிந்துவிட்டார். மறுநாள் காலையில் அது திரும்பவும் தொங்கும்.

அதை எழுதுகிறவன் கடைக் கணக்கப்பிள்ளை சரிபுதீன். கொழும்பிலிருந்தே எழுதுகிற லண்டன் பட்டப் பரீட்சையில் பொருளியல் எடுத்து இரண்டு முறை தோற்றவன். "படிச்சுப் படிச்சு மண்டை பிசகிப்போச்சு" என்று கடைத்தெருவில் அவனைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். அவன் முதல் முறை தோற்றதற்கு அவனே காரணம். இரண்டாம் முறை தோற்றதற்குக் காரணம் நான்.

என் பெயர் நவரத்தினம். அடம்பனில் வயல் செய்கிற குடும்பம். இப்போது மன்னார்க் கச்சேரியில், அரசாங்க உத்தியோகத்தில், மேசை, கதிரை, மேலே ஒரு மின்விசிறி என்று வசதியாக இருக்கிறேன். சரிபுதீன் சிறுவயதிலிருந்தே என் வகுப்புத் தோழன். அவனுடைய ஊர் தெற்கே கடலோரத்தில் இருக்கிற அரிப்பு. தகப்பன் அபூசாலி முத்துக்குளிப்பவர். 1925ஆம் ஆண்டு எங்கள் கரையில் நடந்த முத்துக்குளிப்பில் அவர் செத்துப்போனார். அதன்பிறகு மஹ்மூது முதலாளி, தாயையும் மகனையும் மன்னாரில் தன் கல்வீட்டுக்குப் பின்னால் இருந்த அறையில் குடிவைத்தார். தாய் உம்மு குல்சூம் அந்த வீட்டில் சமைத்தார். மகனை முதலாளி கத்தோலிக்கச் சுவாமிமாரின் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். அநாதைப் பிள்ளையைப் படிப்பிக்கிற தர்மவான் என்று ஊர் முழுக்க அவருக்குப் பெயர்.

1935இல் நாங்கள் இரண்டு பேரும் கொழும்பில் மேற்படிப்புக்குத் தெரிவானோம். முதலாளி நாலு பெரியவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் சரிபுதீனிடம் சொன்னார்:

"படிப்புச் செலவு முழுக்க என்ர பொறுப்பு. பாஸ் பண்ணிக்கொண்டு வா. ஹிதாயாவை உனக்குத் தாறன். தவறினா எனக்கும் உனக்கும் பேச்சில்லை."

ஹிதாயா அவருடைய ஒரே மகள். அந்த வீட்டுக் குசினிக்கும் பின்னறைக்கும் நடுவில் அவளும் அவனும் பத்து வருடமாக ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அவன் சம்மதம் என்று தலையை மட்டும் ஆட்டினான்.

முதலாளிக்கு அவன் கோட்டில் வழக்குப் பேசுகிற அப்புக்காத்தாக வரவேண்டும் என்று ஆசை. அவன் பொருளியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். வியாபாரம் படிக்கப் போகிறான், கடைக்கு உதவும் என்று முதலாளி தன்னைத் தேற்றிக்கொண்டார்.

கொழும்பில் மருதானையில் ஒரே அறையில் இருந்தோம். நான் நெட்டுருக்காரன். புத்தகத்தில் உள்ளதைப் பாடமாக்கி, கேட்ட இடத்தில் கேட்ட அளவு கக்கத் தெரியும். சரிபுதீன் அப்படியல்ல. நாணயமாற்று, வங்கிகள் கடனை உண்டாக்குகிற விதம், விலைச் சுட்டெண் எல்லாவற்றையும் எனக்கு விளங்கப்படுத்தியவன் அவன்தான். ஆனால் ஓரிடத்தில் மட்டும் முரண்டு பிடித்த மாடு மாதிரி நின்றுவிடுவான். கரும்பலகையில் விரிவுரையாளர் இரண்டு கோடு கீறி, ஒன்று வாங்குகிறவர்களின் கேள்வி, ஒன்று விற்கிறவர்களின் நிரம்பல், இரண்டும் வெட்டுகிற புள்ளிதான் விலை என்று காட்டினார். சரிபுதீன் எழுந்து நின்றான்.

"சேர், சந்தையிலே இருக்கிற எல்லாருக்கும் விலை தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் இந்தக் கோடுகளைக் கீறுகிறோம். விலை தெரியாத ஒருவர் விற்றால்?" என்று இங்கிலிஷில் கேட்டான்.

விரிவுரையாளர் வெள்ளைக்காரர், நல்ல மனிதர். "தெரியாதவர் ஒரு முறை ஏமாறுவார், மறுமுறை தெரிந்துகொள்வார், மிஸ்டர் சரிபுதீன்" என்றார். வகுப்பு சிரித்தது. "அவருக்கு மறுமுறை என்று ஒன்று இல்லாவிட்டால்?" என்று அவன் கேட்டது சிரிப்பில் அமுங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது.

இறுதிப் பரீட்சைக்கு ஒரு கிழமைக்கு முன், பின்னேரம் கடற்கரைப் பக்கம், காலிமுகத்திடலில் நடந்துகொண்டிருந்தபோது, அவன் தானாகவே அந்தக் கதையைச் சொன்னான்.

முத்துக்குளிப்புக் காலத்தில் எடுக்கிற சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளிப்பவனுக்கு. அரசாங்கம் தன் பங்கைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடும். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா என்று விற்கிறவனுக்கும் தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது. வாங்கியவன் சிப்பியை அழுகவிட்டுக் கழுவிப் பார்ப்பான். குளிப்பவர்கள் தங்கள் பங்கை அன்றன்றே கரையில் வைத்து விற்றுவிடுவார்கள். அபூசாலி மட்டும் விற்கவில்லை. தானே கழுவிப் பார்க்கப்போவதாக ஒன்பது நாள் பங்கையும் வேலியடைத்துக் குவித்து வைத்தார். பத்தாம் நாள் காதாலும் மூக்காலும் இரத்தம் வர மேலே வந்தார். இரண்டு நாளில் மௌத்தானார்.

உம்மு குல்சூம் இத்தாவில் உட்கார்ந்தார். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது, அந்நிய ஆண் முகம் பார்க்கக்கூடாது. நாலாயிரம் சிப்பி கரையில் நாறிக்கொண்டு கிடந்தது. கழுவ ஆளில்லை, காவலுக்கு ஆளில்லை, கூடப்பிறந்தவர்கள் என்றும் ஒருவருமில்லை. அப்போதுதான் மஹ்மூது முதலாளி வாசலில் வந்து நின்று, ஆயிரத்துக்கு இருபத்தேழு ரூபாய் தருவதாகச் சொன்னார். கதவுக்குப் பின்னால் இருந்து உம்மு குல்சூம் சம்மதித்தார். அன்றைக்குக் கரையில் ஏலம் அறுபது ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. முதல் கழுவலில் நல்ல முத்து கிடைத்துவிட்டதால் விலை ஏறிவிட்டிருந்தது. கதவுக்குப் பின்னால் இருந்தவருக்கு அது தெரியாது.

"உம்மா ஏன் இருபத்தேழுக்குச் சம்மதிச்சவ?" என்று கேட்டேன்.

"விலை இருபத்தைஞ்சு எண்டு ஆரோ சொல்லியிருக்கினம். ரெண்டு ரூபாய் கூடத் தாறார் எண்டு உம்மா அல்லாட்ட அவருக்குத் துஆ கேட்டவ." கடற்பக்கமாகத் திரும்பி நடந்தான். "அடுத்த வருஷம் முதலாளி கல்வீடு கட்டினார். அந்தச் சிப்பிக்குள்ள என்ன இருந்ததெண்டு இண்டைக்கு வரைக்கும் அவர் சொல்லேல்லை. அது களவோ, நவரத்தினம்? இல்லாட்டி அதுதான் வியாபாரமோ? இதுக்கு மறுமொழி தேடித்தான் நான் இந்தப் படிப்புக்கு வந்தனான். மூண்டு வருஷமாத் தேடுறன்."

அவனுடைய சோற்றில் எவ்வளவு கசப்பு இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த மனிதனின் வீட்டில் வளர்ந்து, அந்த மனிதனின் செலவில் படித்து, அந்த மனிதனின் மகளை மனத்தில் வைத்திருந்தவன் அவன். நான் அவன் தோளில் கைபோட்டு, "பரீட்சை முடியட்டும், பிறகு யோசிப்பம்" என்றேன்.

1938 ஜூன் மாதம். இரண்டாம் நாள், பொருளியல் தத்துவங்கள். மூன்று மணித்தியாலம், ஐந்து கேள்வி எழுதவேண்டும். வினாத்தாளைத் திருப்பினேன். நாலாவது கேள்வி: முத்தின் விலையைத் தீர்மானிப்பது குளிப்பவனின் உழைப்பா, வாங்குபவரின் விருப்பமா? ஆராய்க.

லண்டனில் இருந்த யாரோ ஒரு கனவான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே யோசித்த கேள்வியாக இருக்கும். அவருக்கு முத்து என்றால் மனைவியின் கழுத்தில் கிடக்கிற சாமான். நான் இரண்டு பக்கத்தில் புத்தகத்தில் உள்ளதை ஒப்பித்தேன். கடைசியில் சோறு காய்ந்த மாதிரி இருந்தது. கொஞ்சம் குழம்பு விட்டால் நல்லது என்று தோன்றியது. சந்தை விலை எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்பது எப்போதும் உண்மையல்ல என்று தொடங்கி, இலங்கைக் கரையில் இத்தாவில் இருந்த ஒரு விதவை, யாரோ சொன்ன பழைய விலையை நம்பித் தன் கணவனின் சிப்பியைப் பாதி விலைக்கும் குறைவாக விற்றதை எட்டு வரியில் எழுதினேன். அது சரிபுதீனின் சொத்து என்ற நினைவு எழுதும்போது எனக்கு வரவேயில்லை. சத்தியமாக வரவில்லை. புள்ளி கூட்டித் தரக்கூடிய உதாரணம் என்பது மட்டும்தான் வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு வரிசைக்கு முன்னால் அவன் குனிந்தபடி எழுதிக்கொண்டிருந்தான். மேலதிகத் தாள் கேட்டுக் கை உயர்த்தினான். இன்னொரு முறை உயர்த்தினான். நாலாம் முறை தாள் கொடுத்தவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். முத்துக் கேள்வியை இவனை விட உலகத்தில் ஒருவனும் நன்றாக எழுதமாட்டான் என்று எனக்குள் சந்தோஷப்பட்டேன்.

வெளியே வந்தபோது அவன் முகம் வெளிறிக் கிடந்தது.

"முத்து வந்ததுதானே! வெளுத்து வாங்கியிருப்பீர்."

"அதை மட்டும்தான் எழுதினனான்" என்றான்.

"மற்ற நாலும்?"

"நேரம் போட்டுது. அதையும் முடிக்கேல்லை."

பெறுபேறு தந்தியில் வந்தது. நான் சித்தியடைந்திருந்தேன். அவன் பெயர் இல்லை. ஒரு தாளில் விழுந்தால் எல்லாத் தாளிலும் விழுந்த மாதிரித்தான், அதுதான் சட்டம்.

முதலாளி கத்தவில்லை. ஏலத்தில் பழகிய மனிதர், நட்டத்தை முகத்தில் காட்டமாட்டார். சரிபுதீனை முன்னால் நிற்கவைத்துச் சொன்னார்: "திறந்து பாத்தாச்சு. வெறும் சிப்பி. வெறும் சிப்பியை ஆரும் ரெண்டாந்தரம் கழுவிறேல்லை." அந்த வருடம் முடிவதற்குள் ஹிதாயாவைப் புத்தளத்து ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார். கலியாணத்துக்கு முதல் கிழமை அவள் உம்மு குல்சூமிடம், "அந்தப் பரீட்சையை இன்னொருக்கா எழுதேலாதா, மாமி?" என்று கேட்டாளாம். அந்தக் கேள்வியைக் கேட்டது அவள் ஒருத்திதான். அவளுக்காகத் தகப்பன் ஒரு வருடம் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை.

சரிபுதீன் கருவாட்டுக் கடையில் உட்கார்ந்தான். உனக்கு ஓர் உத்தியோகம் கிடைக்கும்வரை அந்த வீட்டுப் பின்னறையை விட்டு வரமாட்டேன் என்று தாய் சொன்னதால் அவனாலும் போக முடியவில்லை. கரும்பலகை அப்போதுதான் தொங்கத் தொடங்கியது. ஆனால் அவன் பரீட்சையை விடவில்லை. சம்பளத்தில் மிச்சம்பிடித்து அடுத்த வருடத்துக்குக் கட்டணம் கட்டினான். ஹிதாயா போய்விட்டாள், பட்டமாவது கிடைத்தால் தாயைக் கூட்டிக்கொண்டு அந்த வாசலை விட்டுப் போகலாம். அவனிடம் மிஞ்சியிருந்த ஒரே வழி அதுதான்.

ஒருநாள் கச்சேரிக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றான்.

"பரீட்சகர்களின்ர அறிக்கை எண்டு ஒண்டு அச்சடிச்சு அனுப்புவினமாம். உமக்கு வந்ததோ? எங்க பிழைவிட்டனான் எண்டு பாக்கவேணும். அது தெரியாமல் திரும்ப எழுதிறது குருட்டுத்தனம்."

அறிக்கை என் மேசை லாச்சியில்தான் இருந்தது. எங்கள் விரிவுரையாளர் எனக்குப் பாராட்டுக் கடிதத்தோடு அனுப்பியிருந்தார். முத்துக் கேள்வியைப் பற்றி அதில் இரண்டு வசனம்: இலங்கை மாணவர் ஒருவர், விதவை ஒருத்தியின் விற்பனையை எட்டு வரியில் சொல்லி, சந்தையறிவின் குறைபாட்டைத் தெளிவாக விளக்கியது பாராட்டத்தக்கது. அதே நிலையத்தில் எழுதிய இன்னொருவர் இதே செய்தியை முப்பது பக்கத்துக்குக் கதையாக எழுதி, மற்றக் கேள்விகளைத் தொடவில்லை, இப்படி எழுதுவோர் எத்தனை முறை பரீட்சைக்கு வந்தாலும் சித்தியடைய வாய்ப்பில்லை.

அவனுக்குத் தேவையான புத்திமதி அந்த இரண்டாவது வசனத்தில் இருந்தது. என் களவு முதலாவதில் இருந்தது. ஒன்றைக் காட்டாமல் மற்றதைக் காட்ட முடியாது. வாயாலாவது சொல்லியிருக்கலாம்: "மச்சான், அந்தக் கேள்வி வந்தால் தொடாதையும், மற்ற அஞ்சை எழுதும்" என்று. அதைச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பானே என்ற பயம். கோழை நான். "இன்னும் வரேல்லை" என்றேன்.

"வந்தால் சொல்லும்" என்றுவிட்டுப் போனான்.

1939இல் திரும்ப எழுதினான். முதலாளி நாலு நாள் லீவு கொடுத்து, நாலு நாள் சம்பளத்தையும் வெட்டினார். அந்த முறை முத்து வரவில்லை. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இருக்கும் அறிவு வேற்றுமை விலையை எப்படிப் பாதிக்கும் என்று வந்தது. அவன் திரும்பவும் அதே கதையைத்தான் மூன்று மணித்தியாலமும் எழுதினான். பெறுபேறு வந்தபோது யுத்தம் தொடங்கியிருந்தது. அதன்பிறகு அவனிடம் பரீட்சையைப் பற்றிக் கேட்க யாருமில்லை.

அறிக்கை ஏழு வருடம் என் லாச்சியில் கிடந்தது. போன வருடம், 1946இல், உம்மு குல்சூம் மௌத்தானார். அவருடைய நாற்பதாம் நாள் கழிந்ததும் நான் அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். சாகிறவர்கள் செத்து முடிந்த பிறகு எனக்கு நேர்மை வந்தது.

சரிபுதீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இரண்டு வசனத்தையும் நிதானமாக வாசித்தான். அட்டையில் இருந்த ஆண்டையும் பார்த்தான்.

"அந்த எட்டு வரி நீர்தானே?"

"ஓம்."

"நான் கேட்டு வந்தபோது இது உம்மட்ட இருந்ததோ?"

"இருந்தது."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"விலை இருபத்தைஞ்சு எண்டு உம்மாவுக்கு ஆர் சொன்னதெண்டு எழுதினனீர்?" என்று கேட்டான்.

"யாரோ சொன்னதெண்டு. நீர் அப்பிடித்தானே சொன்னனீர்."

"ஆரோ இல்லை. நான்" என்றான். "எனக்குப் பத்து வயசு. குளிப்புத் தொடங்கின முதல் நாள் வாப்பாவோட போய் ஏலம் கூவினதைக் கேட்டனான். இருபத்தைஞ்சு. பிறகு கரைப்பக்கம் போகேல்லை. முதலாளி வாசல்ல நிண்டு, 'என்ர சொல்லை நம்பவேண்டாம், உங்கட மகன் ஆம்பிளைப் பிள்ளை, கரைக்குப் போய்வாறவன், அவனைக் கேளுங்கோ' எண்டார். உம்மா உள்ளுக்க இருந்து, 'என்ன விலை மகன்?' எண்டு கேட்டவ. எனக்குப் பெருமை. ஏலக்காரன் மாதிரி உரத்துச் சொன்னனான். முதலாளி அண்டைக்கு ஒரு பொய்யும் சொல்லேல்லை, நவரத்தினம். பொய் முழுக்க என்ர வாயாலதான் வந்தது. அதைச் சொல்லத்தான் அந்த முப்பது பக்கமும். சிப்பியைப் பற்றி, ஏலத்தைப் பற்றி, இத்தாவைப் பற்றி எல்லாம் எழுதிப்போட்டன். அந்த வரிக்கு மட்டும் வரேலாமல் போச்சு. மணி அடிச்சுப்போட்டுது. ரெண்டாம் முறையும் அடிச்சுப்போட்டுது."

"உம்மாவுக்குத் தெரியுமோ?"

"உண்மை விலை அறுபதெண்டு உம்மாவுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நானும் சொல்லேல்லை. கடைசி வரைக்கும் முதலாளிக்குத் துஆ கேட்டுக்கொண்டுதான் கண்ணை மூடினவ." அறிக்கையை மடித்து என் பக்கம் தள்ளினான். "இப்பிடி எழுதினா வாழ்நாளிலும் பாஸ் பண்ணமாட்டாய் எண்டு அண்டைக்கு ஒருத்தர் சொல்லியிருந்தா, நான் அந்தக் கதையை விட்டிட்டு மற்றதை எழுதியிருப்பன். உம்மாவை வேற வீட்டில வைச்சுச் சாகவிட்டிருப்பன்."

வாசலில் ஒரு பெண் கருவாட்டுக் கடகத்தோடு வந்து நின்றாள். வெள்ளைச் சேலையால் முக்காடு போட்டிருந்தாள். பலகையைப் பார்த்தாள், ஆனால் அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பது பார்வையிலேயே தெரிந்தது. சரிபுதீன் எழுந்து வெளியே போனான்.

"கொழும்பில இண்டைக்கு அந்தர் எழுபத்திரண்டு ரூபாய், தங்கச்சி. நேற்று அறுபத்தெட்டு. நேற்று விலையை ஆராவது சொன்னா நம்பவேண்டாம்" என்று உரத்துச் சொன்னான். உள்ளே கதிரையில் இருந்த முதலாளி பல்லைக் கடித்தார்.

நான் அறிக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவன் திரும்பி உள்ளே வரும்வரை எனக்கு அங்கே நிற்கத் தைரியம் இருக்கவில்லை. கச்சேரிக்குப் போய் என் கதிரையில் உட்கார்ந்து, அன்றைக்குப் பார்க்கவேண்டிய கடிதங்களைப் பார்த்தேன்.